குப்புராஜ் குடும்ப விழாவுக்கு ஒரு லோகோ

தனசிங் வீட்டில் ஆசிரியர் வேலைக்குப் போகாமல் தப்பிய உயிர்கள் இரண்டு. ஒன்று மாடிப்படியில் சுருண்டு கிடக்கும் பூனை, மற்றது மகள் ஜெரூஷா. பூனையை நினைத்து அந்த வீட்டில் யாரும் தூக்கம் கெட்டதில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார் என்றால் தனசிங்தான். ஓய்வு பெற்ற பிறகும், தெருவில் எதிர்ப்படும் பழைய மாணவர்கள் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். மனைவி தபீதாள் தலைமை ஆசிரியை. அத்தை, சித்தி, சித்தப்பா எல்லாருமே சாக்பீஸ் வம்சம். அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்துவிட்டு ஜெரூஷா விஷுவல் கம்யூனிகேஷன் படித்தாள். படித்து முடித்து, சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் இருக்கும் குப்புராஜ் பாலிமர்ஸ் என்ற கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்தாள். கார் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனி. சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் அவள் அங்கே டிரெயினிதான்.

"அங்க நீ என்னதாம்மா பண்றே?" என்று அப்பா மாதம் ஒருமுறையாவது கேட்பார்.

"டிசைன்ப்பா."

"அதான், என்ன டிசைன்?"

மூன்று வருடத்தில் அவள் செய்ததெல்லாம் 'கை கழுவவும்', 'மெஷினில் கை வைக்காதே' என்ற ஸ்டிக்கர்களும், ஊழியர்களின் பிறந்தநாளுக்குக் கேக் படம் போட்ட வாழ்த்துகளும்தான். தனசிங் சர்ச்சில் கேட்பவர்களிடம் "பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். இந்த ஜூனுக்குள் வேலை நிரந்தரமாகவில்லை என்றால் பேசாமல் பி.எட். சேர்ந்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கல்லூரி முதல்வரிடம்கூட அவர் பேசிவிட்டார். முதல்வரும் பழைய மாணவர்தான், மறுக்கிற நிலையில் இல்லை.

இப்படிக் கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும்போதுதான் எச்.ஆர். மேனேஜர் தினகரன் அவளைக் கூப்பிட்டார்.

தினகரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அரை வாக்கியம் தமிழ், அரை வாக்கியம் பிரசன்டேஷன். "ஜெரூஷா, கம்பெனிக்கு ட்வென்டி ஃபைவ் இயர்ஸ். ஃபேமிலி டே பெருசா பண்றோம். எம்ப்ளாயீஸ், அவங்க ஃபேமிலி மட்டும். வெளியாளுங்க கிடையாது. லோகோ, பேனர், ஸ்டேஜ், டி-ஷர்ட், எல்லாமே ஒரே ஐடென்டிட்டில வரணும். இதை மட்டும் சூப்பரா முடிச்சுக் குடு, உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் பொறுப்பு."

ஜெரூஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார மறந்து நின்றுகொண்டே வந்தாள்.

உண்மையிலேயே நன்றாகத்தான் செய்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த பழைய சாம்பிள்களுக்கு நடுவே, கம்பெனி முதன்முதலில் செய்த பீடிங்கைத் தேடி எடுத்தாள். பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு சின்ன வளையமும், அதற்குக் கீழே கதவைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு பல்லும் தெரியும். பார்ப்பதற்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் ஒருத்தியைப் போல இருந்தது அவளுக்கு. அந்த ஒரே பீடிங் வளைந்து வளைந்து ஒரு வீடாகி, வீட்டுக்குள் ஆரஞ்சும் பச்சையும் நீலமுமாக மனிதர்கள் நிற்க, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் அந்த வளையமும் பல்லும் தெரிய, அழகான லோகோ. வரைந்து முடித்துவிட்டுத் தானே கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்க்க ஒரு மீட்டிங் போட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

அட்மின் மேனேஜர் வெற்றிவேல் அந்தக் கம்பெனியில் முதல் நாளிலிருந்து இருப்பவர். கேட்டில் யார் வண்டி நிறுத்தலாம் என்பது முதல் எந்தக் கவுன்சிலருக்கு எந்தப் பண்டிகைக்கு ஸ்வீட் போக வேண்டும் என்பது வரை அவர் தலையில்தான் இருக்கிறது. அவர் லோகோவைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஆரஞ்சு வேணாம்மா," என்றார்.

"ஏன் சார்?"

"தூரத்துலேர்ந்து பாத்தா காவி. எலெக்‌ஷன் நேரம். முதலாளி அந்தப் பக்கம் சாஞ்சுட்டாருன்னு சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா பேசுவான்."

"அப்ப சிவப்பு வச்சுக்கலாமா சார்?"

"பீடிங் கறுப்பு. கறுப்பு பக்கத்துல சிவப்பு வச்சியானா அது யாருதுன்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும்."

"பச்சை?"

"பச்சைல ரெண்டு கட்சி, ஒரு மதம் இருக்கு."

"நீலம்?"

"நீலம் வச்சா கேன்டீன்ல பாதிப் பேரு சந்தோஷப்படுவான், மீதிப் பேரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். நமக்கு எதுக்கு? மஞ்சள் வேணாம்னு நான் சொல்லவே வேணாம். போன வருஷம் ரத்த தான பேனர்ல மஞ்சள் போட்டுட்டு மூணு சங்கத்துக்காரன் வந்து நன்றி சொல்லிட்டுப் போனான்."

மிச்சம் இருந்தது ஊதா ஒன்றுதான். அதை ஜெரூஷாவே விட்டுவிட்டாள். லெந்து காலம் நடந்துகொண்டிருந்தது. சர்ச்சில் பீடத்துத் துணிகூட ஊதாதான். உபவாசக் காலத்து நிறத்தில் பிரியாணி விருந்துக்குப் பேனரா என்று அப்பா கேட்டால் அவள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது? ஆகக் கடவுள் படைத்த நிறங்களில் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றவை கறுப்பும் வெள்ளையும்தான்.

தினகரன் மேஜையைத் தட்டினார். "எக்ஸலன்ட். மோனோக்ரோம். அதான் பிரீமியம்."

அடுத்த மீட்டிங்கில் வெற்றிவேல் இன்னொரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிம்மா, சேர்மன் எங்க?"

"லோகோவுல சேர்மன் வர மாட்டாரு சார்."

"அவரு கம்பெனி, அவரு விழா, அவரு மூஞ்சி இல்லாம பேனரா? காதுகுத்துக்கே தாய்மாமன் மூஞ்சி ஆறடிக்கு வைக்கிறான்."

தினகரன் எதிர்ப்பார் என்று ஜெரூஷா நம்பினாள். அவரோ, "ஃபவுண்டரோட ஸ்டோரி. எமோஷனல் கனெக்ட்," என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்குள் நின்ற மனிதர்கள் எல்லாரும் காலி செய்துகொண்டு போனார்கள். அந்த இடத்தில் சேர்மன் குப்புராஜ் குடியேறினார்.

குப்புராஜின் புகைப்படம் கிடைப்பதும் லேசாக இல்லை. அந்தப் பக்கத்துக் கிராமத்தில் நெல் விளைந்த நிலத்தில் தொழிற்சாலை கட்டியவர் அவர். கேமராவைக் கண்டால் நில அளவைக்காரனைக் கண்டதுபோல முறைப்பார். அவர் சிரித்த படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் மனைவி கிளியம்மாள், கழுத்தில் ரோஜா மாலை. "அம்மா வேணாம், அவரு மட்டும்," என்றார் வெற்றிவேல். ஜெரூஷா கிளியம்மாளை வெட்டி எடுத்தாள். மாலையை எடுத்தால் சட்டை பாதி போய்விடும் போலிருந்ததால் மாலை நின்றுவிட்டது. பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினாள்.

வீடு வடிவத்துக்குள் முகம் சரியாக அடங்கவில்லை. அதனால் பீடிங்கை நீள்வட்டமாக வளைத்து, முகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஓடவிட்டாள். இவ்வளவுக்கும் பிறகு அவளுடையது என்று அந்தப் படத்தில் மிஞ்சியது அந்தப் பீடிங்தான். கீழே முனைகள் சேரும் இடத்தில் வளையமும் இரண்டு பல்லும் இன்னும் இருந்தன. அதுவாவது பிழைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடியில் '1999 – 2024' என்று போடச் சொன்னது தினகரன். அவர் கொடுத்த 'ஃபாரெவர் டுகெதர்' என்ற வாசகத்தைத் தமிழில் 'என்றும் எங்களோடு' என்று மாற்றித் தந்தது வெற்றிவேல். மேலே பெரிதாகக் 'குடும்ப விழா', அடியிலும் அடியில் 'அனைவரும் வருக'. இரண்டு மேனேஜர்களும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஏன் கலங்குகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெரூஷாவுக்குமா தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரே படத்தை நூறு முறை திருத்தினால் கண்ணுக்கு எழுத்தின் இடைவெளி தெரியும், மாலையின் ஓரத்துப் பிசிறு தெரியும், படம் தெரியாது. சமைத்தவளுக்கு உப்பு உறைக்காது என்பார்களே, அந்த நிலைமை. கன்ஃபர்மேஷன் லெட்டர் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது வேறு.

விழா ஞாயிற்றுக்கிழமை. அன்று விடிந்ததும் எல்லா ஊழியர்களும் ஒரே நேரத்தில் அந்தப் படத்தை வாட்ஸ்அப் டி.பி. ஆக வைக்க வேண்டும் என்று தினகரன் உத்தரவு போட்டார். ஊழியர்கள் கீழ்ப்படிந்தார்கள். பொழிச்சலூரிலிருந்து செங்கல்பட்டு வரை நானூறு போன்களில் குப்புராஜ் ஒரே நேரத்தில் உதித்தார்.

டி.பி. என்பது வட்டம். படமோ நீளம். வட்டம் மேலே இருந்த 'குடும்ப விழா'வை வெட்டியது, கீழே இருந்த 'அனைவரும் வருக'வை வெட்டியது. மிச்சம் வைத்தது கறுப்பு வெள்ளையில் ஒரு பெரியவர், கழுத்தில் மாலை, சுற்றிலும் கறுப்பு வளையம், இரண்டு வருடங்கள், என்றும் எங்களோடு.

ஊழியர்களின் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், கும்பிடும் கைகள் படத்தை அனுப்பினார்கள். விழாவுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஊழியர்களும் பதிலுக்குக் கும்பிடும் கைகளையே அனுப்பினார்கள். இதைவிட உறுதியான தகவல் யாருக்கு வேண்டும்? 1999-இல் பிறந்தவர் எப்படிப் பெரியவராவார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் துக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. குப்புராஜுக்குப் போன் போட்டவர்களும் உண்டு. அவர் விழா நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மனைவியோடு சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மரைக் கும்பிட்டு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். போன் வீட்டில் கிடந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின வீட்டைப் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கம்பெனிக்குக் கொண்டுவருவார்கள் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஜெரூஷாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் காலை ஆராதனையில், பெண்கள் பக்கம் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு விழாவுக்குப் போக வேண்டும். மேடையில் ஆளுயரத்துக்கு நிற்கும் தன் வேலையை அவர் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் இல்லை தன் மகள் என்று அவருக்கு ஒருநாளாவது தெரிய வேண்டும். இதைத்தான் அவள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் விண்ணப்ப ஜெபத்துக்கு வந்தார். தேசத்துக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"துக்கத்தில் இருக்கும் குடும்பங்களை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம் ஆண்டவரே. சிறப்பாக, நமது சபையின் மகள் ஜெரூஷா பணிபுரியும் நிறுவனத்தின் அதிபர், அன்பர் குப்புராஜ் அவர்கள் இந்த உலகத்தை விட்டுத் திடீரென்று கடந்துபோன இந்த வேளையிலே..."

சபை முழுவதும் ஆமென் என்றது. ஜெரூஷாவும் பழக்கதோஷத்தில் ஆமென் என்றாள். சொன்ன பிறகுதான் அர்த்தம் உள்ளே இறங்கியது. ஐயோ, சேர்மன் போய்விட்டாரா? எப்போது? விழா என்ன ஆகும்? கைப்பைக்குள்ளேயே போனைத் திறந்தாள். வரிசையாகக் கும்பிடும் கைகள். கல்லூரித் தோழி ஜோசலின், 'ஆழ்ந்த இரங்கல்டி, எப்படி ஆச்சு?' என்று கேட்டிருந்தாள். ஜெரூஷா தன் டி.பி.யைத் தட்டினாள். முதன்முறையாக, வெளி ஆள் பார்ப்பதுபோல அந்தப் படத்தைப் பார்த்தாள்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் தினம் தினம் பார்க்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அது. ஒரு குறையும் சொல்ல முடியாது, கச்சிதமாக வந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அப்பாவைப் பிடித்தாள். "அப்பா, பாஸ்டர்கிட்ட யாருப்பா சொன்னது?"

"நான்தாம்மா ஜெபக் குறிப்பு எழுதிக் குடுத்தேன்." தனசிங் அவள் தலையில் கை வைத்தார். "காலைலயே உன் போன்ல போட்டோ பாத்துட்டேன். நீ அழாம தைரியமா இருந்தே. கேட்டா உடைஞ்சு போயிடுவியோன்னு நான் ஒண்ணும் கேக்கல."

"அப்பா, அவரு உயிரோட இருக்காருப்பா."

"அப்ப ஏன் மாலை?"

"அது அறுபதாம் கல்யாண மாலை."

"கறுப்பு வட்டம்?"

"அது பீடிங்குப்பா. கம்பெனி லோகோ. நான் பண்ண டிசைன்."

தன் மகள் என்ன வேலை செய்கிறாள் என்பது மூன்று வருடத்துக்குப் பிறகு தனசிங்குக்கு அப்போதுதான் புரிந்தது. "ஜெபத்தைத் திரும்ப வாங்க முடியாதேம்மா," என்றார் கவலையோடு.

தபீதாள் சண்டே ஸ்கூல் பிள்ளைகளோடு இருந்ததால் அவளிடம் சொல்லாமல் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். தனசிங் வாழ்க்கையில் எந்த வண்டியையும் வேகமாக ஓட்டியதில்லை, அன்றும் ஓட்டவில்லை. ஜெரூஷா பின்னால் உட்கார்ந்து தினகரனுக்குப் போன் மேல் போன் போட்டாள். எடுக்கவில்லை. வண்டலூர் போயிற்று, பொத்தேரி போயிற்று. இன்னிங்ஸ் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். ஜூன் மாதம் பி.எட். வகுப்பில் உட்கார்ந்து பாடக் குறிப்பு எழுதும் தன்னை அவளால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அழுகை வந்தது, ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கம்பெனி வாசலில் அவள் நினைத்ததைவிட மோசம். விழாவுக்குப் போட்ட ஷாமியானாவும் நாற்காலியும் துக்கத்துக்கும் அப்படியே பொருந்திவிட்டன. பேனரின் மேல் பாதியில் இருந்த 'குடும்ப விழா'வை வாழை மர இலைகள் மறைத்திருந்தன. கீழே இருந்த 'அனைவரும் வருக'வைப் பன்னீர்ச் சொம்பு வைத்த மேஜை மறைத்திருந்தது. நடுவில் குப்புராஜ் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் மாலை மேல் மாலையாகக் குவிந்திருந்தது. வரவேற்புக்கு வந்திருந்த மேளக்காரர்கள் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவர்கள் ஆதலால், அடியை மாற்றிவிட்டிருந்தார்கள். பிரியாணி வாசனை வந்த திசையை மட்டும் சிலர் குழப்பத்தோடு பார்த்தார்கள்.

புது டி-ஷர்ட்டில் குடும்பத்தோடு வந்த ஊழியர்கள் ஒரு பக்கம், வெள்ளை வேட்டியில் வந்த ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். டி-ஷர்ட்டின் நெஞ்சிலும் அதே படம் இருந்ததைப் பார்த்து, "தொழிலாளிங்க எவ்ளோ பாசமா கீறாங்க பாரு," என்று ஊர்க்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். இல்லை இல்லை என்று சொன்ன ஒன்றிரண்டு பேரையும் துக்கத்தில் பேசுகிறார்கள் என்று தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

எல்லாரையும்விடப் பெரிதாக அழுதவர் லோகநாதன். குப்புராஜின் சித்தப்பா மகன், பக்கத்து நிலத்துக்காரர். இரண்டு நிலத்துக்கும் நடுவில் போகிற ஒற்றையடிப் பாதை யாருடையது என்பதில் மனக்கசப்பாகி, அண்ணன் தம்பிக்குள் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அவர் கையில் சம்பங்கி மாலையோடு பேனருக்கு முன்னால் நின்று, "பேசாமயே பூட்டியேண்ணா. அந்தப் பாதைய நான் இன்னா தலைலயா கட்டிக்கினு போப்போறேன். நீயே வச்சுக்கோண்ணா," என்று விம்மிக்கொண்டிருந்தார்.

தினகரன் ஜெனரேட்டருக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டார். "ஜெரூஷா, நான் அப்பவே ஃபீல் பண்ணேன். கலர் கொஞ்சம் சேத்திருக்கலாம்ல நீ."

வெற்றிவேலும் வந்தார். "மாலையாவது எடுத்திருக்கக் கூடாதாம்மா?"

அவள் பதில் தேடுவதற்குள் கார் வந்து நின்றது. நெற்றி நிறைய நாமத்தோடு குப்புராஜ் இறங்கினார், பின்னாலேயே பிரசாதப் பையோடு கிளியம்மாள். மேளம் நடு அடியில் நின்றது.

"இன்னாய்யா இது," என்றார் குப்புராஜ். "யாரு பூட்டது?"

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. குப்புராஜின் கண்ணும் அங்கே போனது. தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்தார், மாலைக் குவியலைப் பார்த்தார். கடைசியாக அழுத முகத்தோடு நிற்கும் தம்பியைப் பார்த்தார்.

"லோகு," என்றார். "நான் செத்தாத்தான் வருவியாடா நீ?"

லோகநாதனுக்கு வாய் கோணியது. கையில் இருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே போட முடியாது, திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. கடைசியில் அதை அண்ணன் கழுத்திலேயே போட்டுவிட்டு, அந்தத் தோளிலேயே சாய்ந்து இன்னும் பெரிதாக அழுதார். குப்புராஜ் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணும் நனைந்ததை ஜெரூஷா பார்த்தாள்.

"பாதைய எனக்கே வச்சுக்கச் சொன்னியாமே," என்றார் குப்புராஜ், பக்கத்தில் நின்ற ஒருவர் காதில் போட்ட சேதியை வைத்து.

"உயிரோட கீறப்ப அத்த அப்பால பேசிக்கலாம்ணா," என்றார் லோகநாதன்.

கிளியம்மாள் பேனருக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். "இது நம்ம அறுபதாம் கல்யாணத்துப் படமாச்சே. நான் எங்க? என்னிய வெட்டி வுட்டுட்டு இவர மட்டும் அனுப்பிட்டீங்களா?"

அங்கேதான் குப்புராஜுக்குத் தான் முதலாளி என்ற ஞாபகம் வந்தது. மாலையைக் கழற்றாமலேயே திரும்பினார். "யாரு செஞ்ச வேல இது?"

"கிரியேட்டிவ் சைடு முழுக்க ஜெரூஷா சார்," என்றார் தினகரன். "நாங்க ஜஸ்ட் இன்புட்ஸ்தான்."

"சின்னப் பொண்ணு சார், தெரியாம பண்ணிடுச்சு," என்றார் வெற்றிவேல், அவளுக்காக இரக்கப்படுகிறவரைப் போல.

ஜெரூஷா அப்பாவைப் பார்த்தாள். வகுப்பில் எழுந்து நிற்கும் பையனைப் பார்ப்பதுபோல அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறம் வேண்டாம் என்றது யார், முகம் வேண்டும் என்றது யார் என்று சொல்லலாம். சொன்னால் நியாயம்தான். ஆனால் அப்பாவை இவ்வளவு தூரம் கூட்டிவந்தது தன் வேலையைக் காட்டத்தானே.

"நான்தான் சார் பண்ணேன்," என்றாள்.

குப்புராஜ் பேனருக்குக் கிட்டே போனார். மாலைகளை ஒதுக்கினார். தன் முகத்தை அவர் பார்க்கவில்லை, அதைச் சுற்றி ஓடிய கறுப்பு வளையத்தைப் பார்த்தார். விரலால் அதைத் தடவிக்கொண்டே போய், அடியில் முனை சேரும் இடத்தில் நிறுத்தினார்.

"இது நம்ம மொத பீடிங்கு இல்ல?"

ஜெரூஷா தலையாட்டினாள். "ஆமா சார்."

"ரெண்டு பல்லு. இப்ப வர்றதுக்கெல்லாம் மூணு. இதுக்கான அச்சு, அந்த டை, நானே அரத்தால ராவியது. நெலத்துல நாத்து நட்ட கை இது, ராவி ராவி ரத்தம் வந்துது." தினகரனைத் திரும்பிப் பார்த்தார். "யோவ், இது இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"பார்டர் சார்," என்றார் தினகரன்.

வெற்றிவேல் அதைக்கூடச் சொல்லவில்லை.

குப்புராஜ் ஷாமியானாவைச் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ வருடம் பத்திரிகை வைத்தும் வராத சொந்தமெல்லாம் கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தது. "சமையக்காரர்கிட்ட சொல்லு, இன்னொரு அண்டா போடச் சொல்லி. வந்தவங்க யாரும் சாப்டாம போவக் கூடாது. தல முழுவிட்டுத்தான் சாப்டுவேன்றவன் எவன்னா இருந்தா என்னாண்ட அனுப்பு." மேளக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினார். அவர்கள் அடியைத் திரும்ப மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு ஜெரூஷாவிடம் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார், அது அவருக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம் போல.

"யம்மா, நெசமாவே நான் போற நாள் ஒண்ணு வரும். அன்னிக்கு இவனுங்க கையில வுட்டா, எவனோ தலைவன் பக்கத்துல நான் நிக்கிற படத்தப் போட்டு, கலர் கலரா அடிச்சு அசிங்கம் பண்ணிடுவானுங்க. அன்னிக்கும் இதேதான் இருக்கணும். இதே சிரிப்பு, இதே பீடிங்கு. நீதான் செய்யணும்."

"சார், அதெல்லாம் எதுக்கு சார் இப்ப."

"பக்கத்துல நானும் இருக்கணும்," என்றார் கிளியம்மாள்.

"நீ ஏண்டி அவசரப்படற," என்று அவரை அடக்கிவிட்டு, குப்புராஜ் தினகரனைப் பார்த்தார். "அதுவரிக்கும் இந்தப் பொண்ணு எங்கயும் போவக் கூடாது. பர்மனன்ட் பண்ணு. நாளைக்கே."

தனசிங் தொண்டையைச் செருமினார். விழாவுக்கு வந்த பெற்றோர் என்ற முறையில் அவரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "ஐயா, உடம்பு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். "பிரஷர், சுகர் ஒண்ணும் இல்லையே?"

"கல்லு மாரி கீறேன் சார்," என்றார் குப்புராஜ்.

"சந்தோஷம்," என்றார் தனசிங், மனப்பூர்வமாக.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் கையில் ஒரு ஜெபக் குறிப்பு வந்தது. 'அன்பர் குப்புராஜ் அவர்களின் நீடித்த ஆயுளுக்காகவும் பூரண சுகத்துக்காகவும்' என்று கணக்கு வாத்தியாரின் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. பாஸ்டர் குறிப்பைப் பார்த்தார், போன வாரத்தை நினைத்தார், ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் தனசிங்கைப் பார்த்தார். சபையில் எத்தனையோ விசுவாசிகளைக் கண்டவர்தான், ஆனாலும் இப்படி ஒரு விசுவாசத்தை அவர் கண்டதில்லை. கேள்வி கேட்காமல் ஜெபித்தார். இந்த முறை எல்லாருக்கும் முந்தி ஆமென் சொன்னது ஜெரூஷா.